சிங்கப்பூர்க் கடலில் காப்பாற்ற என்ன இருக்கிறது?

கேள்வி, 8 மார்ச் 2025

மகனுக்குப் பள்ளியில் திமிங்கலம், டால்பின் பாதுகாப்பு என்று புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்று புரியவில்லை. ஈஸ்ட் கோஸ்ட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை கப்பல்தான். திமிங்கலம் இருக்கிற நாடு ஆஸ்திரேலியா, அலாஸ்கா பக்கம். அவர்கள் காப்பாற்றட்டும். இங்கே நாம் எதைக் காப்பாற்றுவது?

8 மார்ச் 2025, இரவு

இருக்கிறது. கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது வருடம் லாஞ்ச் போட்டில் வேலை செய்தவன் நான். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு மரினா சவுத் பியரிலிருந்து ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோய் விடுகிற வேலை. முதல் வருடம், ஒருநாள் விடிந்தும் விடியாத நேரம். செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் குசு தீவுக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் தைக்கோங், அதாவது போட் ஓட்டுகிறவர், அறுபது வயது மலாய்க்காரர். நான் பாக்சிக் (மலாயில் மாமா) என்றுதான் கூப்பிடுவேன். திடீரென்று எஞ்சினை நியூட்ரலில் போட்டார். ஏதோ கோளாறு என்று நினைத்து நான் பின்பக்கம் ஓடினேன். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, “லும்பா-லும்பா” என்று மெதுவாகச் சொன்னார். மலாயில் டால்பின். மூன்று முதுகுகள். இரண்டு சாம்பல் நிறம், ஒன்று இளஞ்சிவப்பு. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நம் கடலில் அது மாதிரி ஒரு சத்தம் கேட்கும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை.

அவை விலகிப் போகிற வரைக்கும் அவர் கியர் போடவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். கப்பலில் காத்திருந்தவர்கள் ரேடியோவில் கத்தினார்கள்.

9 மார்ச் 2025

நேற்று அவசரத்தில் எழுதினேன். மகனுடைய புராஜெக்ட்டுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் ஒழுங்காக.

நான் பார்த்தது இந்தோ-பசிபிக் கூன்முதுகு டால்பின். குட்டியில் கருஞ்சாம்பலாக இருக்கும், வளர வளர இளஞ்சிவப்பாகும். அந்த மூன்றில் சிவப்பாக இருந்ததுதான் மூத்தது. இது தவிர இந்தோ-பசிபிக் பாட்டில்மூக்கு டால்பினும் ஐராவதி டால்பினும் முதுகுத் துடுப்பே இல்லாத கடற்பன்றியும் நம் கடலில் பதிவாகியிருக்கின்றன. அப்புறம் ஆவுளியா. கடற்பசு என்று புத்தகத்தில் போடுவார்கள். புலாவ் ஊபின் தீவில் செக் ஜாவா பக்கம் கடற்புல்லில் அது மேய்ந்துவிட்டுப் போன தடம் கிடைத்திருக்கிறது. செக் ஜாவாவையே மண் கொட்டி மூடுவதாக இருந்தார்கள். 2001 கடைசியில்தான் அந்தத் திட்டம் தள்ளிப்போடப்பட்டது. அன்று மூடியிருந்தால் இன்று தடம் பார்க்க இடமே இருந்திருக்காது.

டால்பினுக்கு எங்கள் ஊரில் ஓங்கல் என்று சொல்வோம். அகராதியில் ஓங்கில் என்றும் இருக்கிறது. எனக்கு ஊர் மணப்பாடு, திருச்செந்தூருக்குத் தெற்கே.

15 மார்ச் 2025

திமிங்கலமும் வந்தது. 2015 ஜூலை 10ஆம் தேதி ஜூரோங் தீவுக்கு அருகே ஒரு எண்ணெய்த் திமிங்கலம் செத்து மிதந்தது. பெண். 10.6 மீட்டர் நீளம். அந்த இனம் சிங்கப்பூர்க் கடலில் பதிவானது அதுதான் முதல் தடவை. நாட்டின் பொன்விழா ஆண்டு என்பதால் ஜூபி லீ என்று பெயர் வைத்தார்கள். எலும்புக்கூடு லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் தொங்குகிறது. வயிற்றில் பிளாஸ்டிக் கப், உணவுப் பொட்டல உறை, பை எல்லாம் இருந்தன. நாம் வீசிய பிளாஸ்டிக்தான் அதைக் கொன்றது. உங்கள் மகன் இதை எழுதலாம்.

30 மார்ச் 2025

மேலே 15ஆம் தேதி நான் எழுதியதில் கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். தப்பு. மகன் அதை எழுதியிருந்தால் தயவுசெய்து அடித்துவிடச் சொல்லுங்கள்.

நேற்று அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அரும்பொருளகத்துக்குப் போனேன். தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். அவளுக்கு டைனோசர் பார்க்க வேண்டும், எனக்கு ஜூபி லீ. தலை கீழாக, ஆழத்துக்குப் பாய்கிற தோரணையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்த முறை அங்கே எழுதியிருப்பதை வரிவரியாகப் படித்தேன். உடம்பின் பின்பாதியில், முதுகுப் பக்கம் பெரிய வெட்டுக்காயம். முதுகெலும்பும் அடிபட்டிருந்தது. கப்பல் மோதி இறந்திருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் கருத்து. பிளாஸ்டிக் வயிற்றில் இருந்தது உண்மை. அது கொன்றது என்று யாரும் சொல்லவில்லை. பத்து வருடமாக நானாகவே அப்படி முடிவு கட்டி, கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். பிளாஸ்டிக் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நாளைக்கே பை வாங்குவதை நிறுத்திவிடலாம். கப்பல் அப்படியா? எனக்குச் சம்பளம் கொடுத்தது கப்பல். இந்த ஊர் எழும்பி நிற்பதே கப்பலால்தான். அந்தப் பக்கம் விரல் நீட்ட என் மனது இடம் கொடுக்கவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அக்கா மகள் ஒன்று கேட்டாள்: “மாமா, கப்பல் வந்தா அதுக்குச் சத்தம் கேட்காதா?” பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

2 ஏப்ரல் 2025

வாசனைப் பொருளான அம்பர் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆம், அது எண்ணெய்த் திமிங்கலத்திடம்தான் கிடைக்கும். பத்திரிகைகளில் திமிங்கல வாந்தி என்று போடுகிறார்கள், அது சரியில்லை. குடலில் உண்டாவது. கணவாய்க்குக் கிளி மூக்கு மாதிரி கெட்டியான அலகு உண்டு, அது செரிக்காது. பெரும்பாலும் வாந்தியாக வெளியே போய்விடும். தப்பித்துக் குடலுக்குள் போகும் அலகுகளைச் சுற்றிக் கட்டுவதுதான் அம்பர். ஜூபி லீயின் வயிற்றில் 1,800க்கும் மேல் கணவாய் அலகுகள் எண்ணியிருக்கிறார்கள். சோத்தோங் என்று நாம் சொல்லும் கணவாய் நமக்குப் பொரியல், அதற்கு அன்றாடச் சோறு.

இந்தியாவில் அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஊரில் கரையில் கிடைத்தாலும் வனத்துறையிடம் கொடுத்துவிடுவதுதான் வழி.

12 ஏப்ரல் 2025

வேகம் பற்றி. இரண்டு வாரமாகத் தேடித் தேடிப் படித்தேன், அதனால் இது நீளும்.

பெரிய திமிங்கலத்தின் மேல் கப்பல் மோதினால் அது சாகுமா பிழைக்குமா என்பதை வேகம் தீர்மானிக்கிறது. 2007இல் வந்த ஓர் ஆய்வு பழைய விபத்துகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டது. 15 நாட் வேகத்துக்கு மேல் என்றால் சாவு கிட்டத்தட்ட உறுதி. 11.8 நாட் வேகத்துக்குக் கீழே வந்தால் சாகிற வாய்ப்பு பாதிக்கும் குறைவு. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். இதையெல்லாம் வைத்துத்தான் அமெரிக்கா 2008இல் தன் கிழக்குக் கரையில் ஒரு விதி போட்டது: குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட மாதங்களில், 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் 10 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலத்துக்காக. அந்த இனத்தில் இன்று 400கூட இல்லை.

இதில் சிங்கப்பூர் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். இங்கிருந்து சூயஸுக்குப் போகிற கப்பல் மலாக்கா நீரிணையைத் தாண்டி நேராக இலங்கைக்குத் தெற்கே போகும். தெய்வேந்திரமுனை. தொண்டேச்சுரம் என்று சிவன் கோயில் இருந்த இடம். அந்த முனைக்குக் கீழேதான் உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று, அதே தண்ணீரில்தான் நீலத் திமிங்கலங்கள் இரை தேடுகின்றன. மற்ற நீலத் திமிங்கலங்கள் குளிர்க்கடலுக்குப் போய்த் தின்னும். இவற்றில் பல, வருடம் முழுவதும் வெப்பக்கடலிலேயே இருக்கின்றன. இலங்கை ஆய்வாளர் அஷா டி வோஸ் 2003இல் ஒரு கப்பலிலிருந்து திமிங்கலச் சாணம் மிதப்பதைப் பார்த்தார். சாணம் இருந்தால் அங்கேயே தின்கிறது என்றுதானே அர்த்தம்! அங்கிருந்து தொடங்கியது அவருடைய ஆராய்ச்சி.

பாதையை 15 கடல் மைல் தெற்கே தள்ளினால் மோதல் ஆபத்து பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் வருடக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். 2022 நடுவில் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களை அப்படித் திருப்பியது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்துவிடவில்லை. அந்த முனையைக் கடக்கிற கப்பல்களில் எத்தனையோ முந்தைய வாரம் இங்கே நங்கூரம் போட்டு எண்ணெய் நிரப்பிக்கொண்டு போனவை. நான் அரிசி மூட்டையும் தண்ணீர்ப் பெட்டியும் ஏற்றிவிட்ட கப்பல்கள்.

ஆகவே “அவர்கள் காப்பாற்றட்டும்” என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திமிங்கலம் அங்கே இருக்கிறது, சரி. அதன் மேல் மோதுவது இங்கிருந்து போகிறது.

13 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டுப் பழைய கூட்டாளி ஒருவர் போன் செய்தார். மாலுமிகளைக் குற்றவாளியாக்குகிறேன் என்று அவருக்கு வருத்தம். அப்படி நான் நினைக்கவில்லை. முந்நூறு மீட்டர் கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், நிற்பவருக்கு முன்னால் இருக்கும் திமிங்கலம் தெரியாது. தெரிந்தாலும் நிறுத்த முடியாது. மோதினதுகூடத் தெரியாமல் போவது உண்டு. வேகத்தையும் பாதையையும் முடிவு செய்வது பிரிட்ஜில் நிற்பவர் இல்லை. அவரைச் சொல்லவில்லை.

4 மே 2025

ஊர்க்கதை ஒன்று. 2016 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், மணப்பாட்டிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் கரை நெடுகப் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. பெயர்தான் திமிங்கலம், உண்மையில் டால்பின் குடும்பம். நான் அப்போது இங்கே. சித்தப்பா போனில் படம் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஊர் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். கயிறு கட்டிப் படகில் இழுத்து ஆழத்தில் கொண்டுபோய் விட்டார்கள். விட்டவை திரும்பி வந்தன. மறுபடி தள்ளினார்கள். மறுபடி வந்தன. நாற்பதுக்கும் மேல் செத்துப் போயின.

ஏன் திரும்பி வருகின்றன என்று சித்தப்பா கேட்டார். அவை கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதி. கரையில் ஒன்று கிடந்து கத்தினால் மற்றது ஆழத்துக்குப் போகாது. இப்படிக் கரையேறுவதற்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. நோயாக இருக்கலாம், வழிநடத்துகிற ஒன்று தடம் மாறியிருக்கலாம், சரிவான மணல் கரையில் அவற்றின் எதிரொலி ஏமாற்றியிருக்கலாம். தாத்தா காலத்திலும் நடந்தது. 1973 ஜனவரியில் அதே கடற்கரையில் 147 ஒதுங்கின. அன்று கப்பல் இத்தனை இல்லை. அதனால் எல்லாவற்றையும் கப்பல் தலையில் போடவும் முடியாது. ஏப்ரலில் நான் எழுதிய வேகத்தில் அந்தத் தொனி வந்திருந்தால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

சித்தப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று சித்தி சொன்னார். மீன் பிடிக்கிற மனிதர்.

14 ஜூன் 2025

இன்றோடு ஒரு வருடம். 2024இல் இதே நாள் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல் கட்டுப்பாடு இழந்து, நின்றிருந்த எண்ணெய் நிரப்பும் கப்பலில் மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட், லாப்ரடார், செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு என்று கரை கரையாகப் போனது. பாக்சிக் எனக்கு லும்பா-லும்பா காட்டிய தண்ணீர்.

என் அறையில் முன்பு தங்கியிருந்த கடலூர்த் தம்பி ஒருவர் அந்தக் கரையைச் சுத்தம் செய்கிற வேலைக்குப் போனார். மேல் மணலை அள்ளிப் பையில் கட்டுவார்கள். அடுத்த அலையில் மறுபடி கறுப்பு. வெயிலில் அந்த நாற்றம் தலையைச் சுற்றும் என்பார். டால்பின் மூச்சு விடத் தண்ணீருக்கு மேலேதான் வந்தாக வேண்டும், எண்ணெய் மிதப்பதும் அங்கேதான். அதை அவரிடம் சொன்னபோது, “அண்ணே, எனக்காவது மாஸ்க் குடுத்தாங்க” என்றார்.

சிஸ்டர்ஸ் தீவுக் கடற்பூங்கா அந்த வருடம் அக்டோபரில் மறுபடி திறந்தது. போனேன். பவளம் இருக்கிறது. 250 இனங்களுக்கும் மேல் கடின பவளம் இந்தச் சின்னக் கடலில் உயிரோடு இருப்பதை நான் இன்னமும் ஆச்சரியமாகத்தான் பார்க்கிறேன். மண் கொட்டி நிலமாக்கியதில் பாதிக்கும் மேல் பவளத்திட்டு போன பிறகும் இருக்கிறது.

20 ஜூலை 2025

அக்கா மகளுடைய கேள்விக்கு வருகிறேன். கப்பல் வந்தால் அதற்குக் கேட்காதா?

கேட்கும். எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்கும், அதுதான் சங்கடம்.

லாஞ்சில் முன்பக்கத்து அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும். ராத்திரி ஷிப்டில் எஞ்சினை அணைத்துவிட்டு அங்கே படுத்தால் தகட்டில் காதை வைக்காமலே கேட்கும். டும் டும் டும் என்று எங்கேயோ ஒரு புரொப்பெல்லர். மேலே வந்து பார்த்தால் கப்பல் தூரத்தில் ஒரு விளக்குப் புள்ளி. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நாலரை மடங்கு வேகமாகப் போகும், வெகுதூரமும் போகும். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் எந்த நேரத்திலும் ஆயிரம் கப்பல் வரை இருக்கும். நம் கடல் கலங்கல், இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் கண் தெரியாது. இந்தத் தண்ணீரில் ஓங்கலுக்குக் காதுதான் கண். தன் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத்தான் மீனையும் கரையையும் குட்டியையும் அறிகிறது. தேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளையின் குரலைத் தேடிப் பாருங்கள்.

வேகத்தைக் குறைத்தால் சத்தமும் குறையும். புரொப்பெல்லர் வேகமாகச் சுற்றும்போது சின்னச் சின்னக் குமிழிகள் உண்டாகி உடையும், சத்தத்தில் பெரும்பங்கு அதுதான். அனைத்துலகக் கடல்துறை அமைப்பு இதற்கான வழிகாட்டு முறைகளை 2014இல் வெளியிட்டு 2023இல் திருத்தியது. கட்டாயமில்லை.

இதை எழுதும்போது மறைக்காமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாக்சிக் ஓய்வு பெற்றுப் போன பிறகு லைசென்ஸ் எடுத்து நானே போட் ஓட்டினேன். ஒருநாள் லாசரஸ் பக்கம் நான்கு ஓங்கல். வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பலாம் என்று பின்னாலேயே போனேன். அவை திரும்பினால் நானும் திரும்பினேன். பத்து நிமிடம் துரத்தினேன். அப்புறம் அந்த வீடியோவை அறையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு பெரியதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. மூச்சுக்கு வந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பெரியது எனக்கும் குட்டிக்கும் நடுவில் வந்திருக்கிறது. வீடியோவை யாருக்கும் அனுப்பவில்லை. பாக்சிக் எதற்கு நியூட்ரலில் போட்டார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

3 ஆகஸ்ட் 2025

செந்தோசாவில் முன்பு இளஞ்சிவப்பு டால்பின் காட்டினார்களே, அவை எங்கே என்று கேட்டவருக்கு: அந்த இடம் 2016 ஜூனில் மூடப்பட்டது. டால்பின்கள் சீனாவில் ஜூஹாய் நகரத்துக்குப் போயின. தொட்டியில் வைத்துக் காட்டினால்தான் பிள்ளைகளுக்கு அன்பு வரும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அக்கா மகளுக்கு ஓர் எலும்புக்கூடு போதுமாக இருந்தது.

20 செப்டம்பர் 2025

நல்ல செய்தி. பெருங்கடல் ஒப்பந்தத்துக்கு நேற்று 60 நாடுகளின் ஒப்புதல் சேர்ந்துவிட்டது. இனி 120 நாளில், 2026 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வரும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் பாதுகாப்புப் பகுதி அமைக்க இதுவரை சரியான வழி இல்லாமல் இருந்தது. உலகக் கடற்பரப்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு அப்படிப்பட்ட கடல்தான். திமிங்கலத்துக்கு எல்லைக்கோடு தெரியாது, அதன் வாழ்நாளில் ஒரு பகுதி அங்கேயும் கழிகிறது.

இந்தப் பேச்சுவார்த்தையைத் தலைமை தாங்கி முடித்தவர் சிங்கப்பூரின் ரெனா லீ. 2023 மார்ச்சில், முப்பத்தாறு மணி நேரத்துக்கும் மேல் விடாமல் பேசி முடித்த பிறகு, கப்பல் கரை சேர்ந்துவிட்டது என்று அவர் சொன்னபோது மண்டபமே எழுந்து கைதட்டியது. அதற்கு முன் 1982 கடல் சட்ட ஒப்பந்தத்தையும் தலைமை தாங்கி முடித்தவர் நம் டாமி கோ. மகனுடைய புராஜெக்ட் முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். இருந்தாலும் மார்ச் மாதக் கேள்விக்கு இது ஒரு பதில் என்பதால் எழுதுகிறேன்.

16 நவம்பர் 2025

நான் இப்போது கரையில் வேலை. ஆனால் லாஞ்சில் இருக்கிற இரண்டு மூன்று தம்பிகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: பார்த்தால் நியூட்ரல், பின்னால் போகாதே, நேரம், இடம், எத்தனை என்று குறித்துக்கொள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டலக் கடல் அறிவியல் கழகத்தில் கடல் பாலூட்டிகளை ஆராய்கிறார்கள், இப்படிப் பார்த்தவர்கள் சொல்வதையும் சேர்க்கிறார்கள். வருடம் முழுவதும் அந்தக் கடலிலேயே இருக்கிற லாஞ்ச்காரர்களைப் போலப் பார்க்க யாருக்கு வாய்க்கும்?

நேற்று ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தார். காலை 6.50, குசுவுக்குத் தெற்கே, இரண்டு உருப்படி, ஒன்று சிவப்பு. எஞ்சினைக் குறைத்து நின்றதில் கப்பலுக்குப் போக எட்டு நிமிடம் தாமதம், திட்டு வாங்கினாராம். குட்டி இருந்ததா என்று கேட்டேன். வெளிச்சம் போதவில்லை, இன்னும் கிட்டப் போயிருந்தால் தெரிந்திருக்கும், நீங்கள் சொன்னதால் போகவில்லை அண்ணே என்றார். சரி, குட்டி என்கிற இடத்தில் தெரியவில்லை என்றே எழுதி அனுப்பு என்றேன்.